இரு தரப்பினருக்கிடையே

அலுவலகத்தில் அவளுக்குத் தராசு என்று பெயர். யார் வைத்தார்கள் என்று தெரியாது. வைத்த நாளிலிருந்து பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. அவள் இதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை. உள்ளூரப் பெருமைதான். மறைப்பானேன், ஐம்பத்து மூன்று வயதில் ஒருத்தி வைத்துக்கொள்ளக்கூடிய பெருமைகளில் இது ஒன்றும் பெரிய குற்றமில்லை.

வேலை ஒரு செய்தி நிறுவனத்தில். செய்தி நிறுவனம் பத்திரிகை அச்சடிப்பதில்லை. செய்தியை எழுதி நாடு முழுக்க இருக்கும் பத்திரிகைகளுக்கும் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் அனுப்பிவிடும், அவர்கள் எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். அதனால் அவளை யாருக்கும் தெரியாது. ஆனால் அவள் எழுதின வாக்கியத்தைக் காலையில் பல் தேய்த்த கையோடு லட்சம் பேர் படித்தார்கள். தட்டச்சு செய்பவளாகச் சேர்ந்து, முப்பத்தோரு வருடத்தில் மூத்த துணையாசிரியராகி, தூணுக்குப் பக்கத்து மேசையைப் பிடித்தவள். மின்விசிறிக் காற்று சரியாக வருகிற ஒரே மேசை அதுதான், அதற்காகவே பலர் அவள் ஓய்வு பெறும் தேதியை விசாரித்து வைத்திருந்தார்கள்.

மேசை இழுப்பறையில் சிவப்பு அட்டை நோட்டு ஒன்று இருந்தது. வெட்டு, குத்து, துப்பாக்கிச் சூடு, குண்டு வெடிப்பு என்று வருகிற செய்திகளில் எந்தச் சொல்லை எப்போது போடலாம், எதைத் தொடவே கூடாது என்று அவளே எழுதி வைத்த நோட்டு. ஆயுதம் எடுத்தவர்களை ஒரு கட்சி பயங்கரவாதிகள் என்றது, இன்னொரு கட்சி போராளிகள் என்றது. நோட்டில் 'ஆயுதம் ஏந்தியவர்கள்' என்று இருந்தது. படுகொலை என்று எழுத நீதிமன்றம் சொல்லியிருக்க வேண்டும். கலவரம் என்று எழுத மூன்று கடையாவது எரிந்திருக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் விதி இருந்தது. இரண்டு கடையும் ஒரு தள்ளுவண்டியும் எரிந்த ஒருநாள் தள்ளுவண்டி கடையா இல்லையா என்று மேசையைத் தட்டிச் சண்டை போட்டு, கடைசியில் விதியையே எடுத்துவிட்டார்கள்.

காலை பத்து மணிக்கு மேல் தொலைபேசியில் திட்டு ஆரம்பமாகும். ஆளும் கட்சி அலுவலகத்திலிருந்து ஒருவர், "அவனுங்களுக்கு வக்காலத்து வாங்கறீங்களா?" என்பார். பத்து நிமிடத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவர், "எவ்வளவு வாங்கினீங்க?" என்பார். இரண்டு பேருக்கும் ஒரே குரலில் பதில் சொல்லிவிட்டு அவள் தேநீர் குடிப்பாள். "ரெண்டு பக்கமும் திட்டுதுன்னா நாம நடுவுல நிக்கறோம்னு அர்த்தம்" என்பது அவள் வழக்கமாகச் சொல்வது. அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு தெளிவு வரும். புதிதாகச் சேர்ந்தவர்கள் அந்த முகத்தைப் பார்த்து ரொம்ப பயந்தார்கள்.

வீட்டிலும் அப்படியேதான். கணவர் பேருந்து ஓட்டுநர், நாள் முழுக்கக் கத்திவிட்டு வருகிறவர், வீட்டில் மெதுவாகப் பேசுவார். "மழை வருதுன்னு சொல்லிப்பாருங்க, யார் சொன்னாங்கன்னு கேப்பா. நான்தான் நனைஞ்சுக்கிட்டு நிக்கறேனேன்னா, இன்னொருத்தரையும் கூட்டிட்டு வாங்கன்னு சொல்லுவா" என்று விருந்தாளிகளிடம் அளப்பார். பாதி பொய், பாதி நிஜம். எந்தப் பாதி நிஜம் என்று அவளும் சொன்னதில்லை.

அவளுடைய பெரிய சாதனை என்று அலுவலகம் ஒன்றைச் சொல்லும். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், போட்டி நிறுவனம் எப்போது பார்த்தாலும் இரண்டு நிமிடம் முந்திக்கொண்டிருந்தது. இவர்கள் அவசரத்தில் எழுதி, ஒருமுறை தப்பான ஆள்மேல் பழியைப் போட்டு, வழக்கு வாங்கி நொந்துபோயிருந்தார்கள். அவள் ஒரு வாரம் உட்கார்ந்து ஒரு படிவம் செய்தாள். '……… பகுதியில் இரு தரப்பினருக்கிடையே ஏற்பட்ட மோதலில் ……… பேர் உயிரிழந்தனர். ……… பேர் காயமடைந்தனர்.' நிருபர் தொலைபேசியில் இடத்தையும் எண்ணையும் சொன்னால் போதும். கோடிட்ட இடத்தை நிரப்பி நான்கு நிமிடத்தில் அனுப்பிவிடலாம். யார்மேலும் பழியில்லை, யாருக்கும் வழக்கில்லை. தலைமை ஆசிரியர் எல்லோர் முன்னாலும் அவளைப் பாராட்டினார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நாலேகாலுக்குச் சற்று முன்னால் தொலைபேசி அடித்தது. நகர நிருபர். நாற்பது வயதுக்காரர், பதறுகிற ஆள் இல்லை, அன்று மூச்சு வாங்கினார்.

"அக்கா, முச்சந்தில சுட்டுட்டாங்க. மூணு பேர் போயிட்டாங்க. நான் அடுத்த தெருவுல இருக்கேன்."

"மூணுன்னு யாரு சொன்னா?"

"ஆம்புலன்ஸ் ஆளு. நானும் பாத்தேன், மூணுதான்."

அழைப்புக் குறிப்பேட்டில் அவள் எழுதினாள்: முச்சந்தி. சுட்டுட்டாங்க. மூணு. ஆம்புலன்ஸ் ஆள், நிருபர். படிவத்தை எடுத்து நிரப்பினாள். நாலு பதினேழுக்குச் செய்தி போய்விட்டது. போட்டி நிறுவனம் நாலு இருபத்தொன்றுக்குத்தான் அனுப்பியது. தலைமை ஆசிரியர் கண்ணாடி அறையிலிருந்து கட்டைவிரலைக் காட்டினார். அவள் தேநீர் சொன்னாள்.

அடுத்த திங்கட்கிழமை மதியம், வரவேற்பறையில் ஒரு பெண் காத்திருப்பதாகச் சொன்னார்கள். திட்டுகிறவர்கள் தொலைபேசியிலேயே திட்டிவிடுவார்கள், நேரில் வருவது குறைவு. போய்ப் பார்த்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் மடித்த பத்திரிகைத் துண்டுகள். ஆறு பத்திரிகை, ஆறிலும் அவளுடைய வாக்கியம்.

"இத எழுதினது யாருன்னு கேட்டேன், உங்களக் காட்டினாங்க."

"உக்காருங்கம்மா. என்ன விஷயம்?"

"செத்தவங்கள்ல ஒருத்தர் என் வீட்டுக்காரர். அவரும் என் கொழுந்தனும் கண்ணாடி வேலை பாக்கறவங்க. கடை ஜன்னலுக்குக் கண்ணாடி அளவெடுக்கப் போனாங்க. இதுல இரு தரப்புன்னு போட்டிருக்கு. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். இவங்க எந்தத் தரப்பு?"

முப்பத்தோரு வருடத்தில் எத்தனையோ பேர் அவளை எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். இதை யாரும் கேட்டதில்லை. அவள் அந்தப் பெண்ணைத் தன் மேசைக்கு அழைத்துவந்து, தண்ணீர் கொடுத்து, அழைப்புக் குறிப்பேட்டைப் பிரித்தாள். முச்சந்தி. சுட்டுட்டாங்க. மூணு. அவ்வளவுதான் இருந்தது. இரு தரப்பும் இல்லை, மோதலும் இல்லை. அந்த இரண்டையும் யாரும் சொல்லவில்லை. படிவம் சொன்னது. படிவத்தைச் செய்தவள் அவள்.

கண்ணாடிக்காரரின் மனைவி அழவில்லை, அழுது முடித்துவிட்டு வந்திருந்தாள். வரிசையாகச் சொன்னாள். கொழுந்தனுக்கு முழங்காலுக்குக் கீழே குண்டு. மோதலில் ஈடுபட்டவன் என்று வழக்குப் போட்டு, சிறை மருத்துவமனையில் கட்டிலோடு விலங்கு மாட்டி வைத்திருக்கிறார்கள். சட்டைப் பையில் இருந்த கண்ணாடி அறுக்கும் கருவியை ஆயுதம் என்று எழுதியிருக்கிறார்கள். அங்கிருக்கும் மருத்துவர் நல்ல மனிதர். இந்த வாரத்துக்குள் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ரத்தக் குழாயைச் சரிசெய்தால் கால் தங்கும், இல்லாவிட்டால் எடுக்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். அனுப்ப நீதிபதி உத்தரவு வேண்டும்.

"வியாழக்கிழமை வாய்தா. எல்லாப் பேப்பர்லயும் மோதல்னு இருக்கு, அதக் காட்டித்தான் மறுக்கறாங்கன்னு வக்கீல் சொன்னாரு. அப்படி இல்லைன்னு நீங்க ஒரு வரி போட்டா போதுமாம். அவனுக்கு இருபத்தாறு வயசு. ஏணியில நின்னு செய்யற வேலை."

"பாக்கறேம்மா. வியாழக்கிழமைக்குள்ள என்ன பண்ண முடியுமோ பண்றேன்."

அவள் இதை ஒப்புக்குச் சொல்லவில்லை, மனதாரத்தான் சொன்னாள். அந்தப் பெண் படி இறங்குவதற்குள்ளேயே திருத்தப் படிவத்தை எடுத்துவிட்டாள்.

திருத்தப் படிவத்தில் இரண்டு கட்டம் உண்டு. இடப்பக்கம் 'தவறு', வலப்பக்கம் 'சரி'. ஐந்து என்று போனது ஆறு, மாலை என்று போனது காலை, இப்படி. இரண்டையும் நிரப்பினால்தான் திருத்தம். இடப்பக்கம் எழுதிவிட்டாள். வலப்பக்கம் என்ன எழுதுவது? சுட்டது காவலர்கள் என்று ஊரே சொன்னது. ஊர் சொல்வதை எழுத முடியுமா? பெயரோடு சொல்ல இரண்டு பேர் வேண்டும். தெரிந்த பிறகு எழுதலாம், அரைகுறையாக எழுதி இன்னொரு தப்புப் பண்ணக் கூடாது என்று நினைத்தாள். அதில் என்ன பிழை என்று அன்று யார் கேட்டிருந்தாலும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருப்பாள்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. நகர நிருபரை முச்சந்திக்கு அனுப்பினாள். தேநீர்க் கடைக்காரர், தான் அந்த நேரத்தில் அடுப்பைப் பார்த்துக் குனிந்திருந்ததாகச் சொன்னார். செருப்புக் கடைக்காரர் பெட்டி எடுக்கக் குனிந்திருந்தார். மருந்துக் கடைப் பெண் விழுந்த மாத்திரையைப் பொறுக்கக் குனிந்திருந்தாள். சுட்ட அந்த நிமிடத்தில் முச்சந்தி முழுவதுமே குனிந்திருந்தது. பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவமனை அறிக்கையைத் தர முடியாது என்றது. காவல்துறை விசாரணை நடப்பதாகச் சொன்னது. அவள் சாப்பாட்டைப் பிரிக்காமலேயே வீட்டுக்குத் திரும்ப எடுத்துப்போனாள்.

"அக்கா, கெடைக்காது. எல்லாருக்கும் தெரியும், யாரும் பேர் குடுக்க மாட்டாங்க" என்றார் நிருபர்.

"இன்னும் ரெண்டு பேரப் பாருங்க. மொட்டை மாடியில யாராவது துணி காயப் போட்டிருப்பாங்க."

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு வாய்தா என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பத்தரைக்கு மணியைப் பார்த்தாள். பதினொன்றேகாலுக்குப் பார்த்தாள். வலப்பக்கக் கட்டம் வெள்ளையாக இருந்தது. பிற்பகல் வழக்கறிஞர் தொலைபேசியில் சொன்னார்: காட்டுவதற்குத் தாள் எதுவும் இல்லாததால் திங்கட்கிழமைக்குத் தள்ளி வைத்துவிட்டார்கள்.

அன்று மாலை கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீ எதுக்காக நாலு நாளா அலையற?"

"சரியானது எதுன்னு தெரியணும்ல?"

"நான் தப்பான ரோட்டுல வண்டிய விட்டுட்டேன்னு வை. மொதல்ல பிரேக்கப் போடுவேன். சரியான ரோடு எதுன்னு இறங்கிக் கேக்கறது அப்புறம். அது தெரியற வரைக்கும் ஓட்டிக்கிட்டே இருப்பேனா?"

அவர் கை கால் கழுவப் போய்விட்டார். அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு சாதாரண விஷயம் தனக்கு ஏன் உறைக்கவில்லை என்று வெட்கமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் அலுவலகம் போய், வலப்பக்கக் கட்டத்தில் கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே நான்கு வரி எழுதினாள். 'கடந்த வாரம் செவ்வாய் மாலை 4.17க்கு நாங்கள் அனுப்பிய செய்தியில், இரு தரப்பினருக்கிடையே ஏற்பட்ட மோதலில் என்று இருந்தது. அப்படி எங்களிடம் யாரும் சொல்லவில்லை. அந்தச் சொற்களைத் திரும்பப் பெறுகிறோம். சுட்டது யார் என்று எங்களுக்கு இன்னும் தெரியவில்லை.' தலைமை ஆசிரியரிடம் கொண்டுபோனாள்.

அவர் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மாட்டினார்.

"இதென்ன, நாமளே நம்ம அடிமடியில கை வெக்கறதா? போலீஸே மோதல்னு அறிக்கை குடுத்திருக்கு. நம்ம செய்திக்கு ஆதாரம் இருக்கு."

அவள் இரண்டு தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று அவர்கள் அனுப்பியது, நாலு பதினேழு. மற்றது காவல்துறை அறிக்கை, ஆறு நாற்பது.

"வரி வரியா படிங்க சார். நம்ம படிவம் அப்படியே இருக்கு. மூணு பேர்னு போட்டிருக்காங்க. அஞ்சரைக்கே ஆஸ்பத்திரில நாலாவது ஆளும் இறந்தாச்சு, அது அவங்களுக்குத் தெரியாம இருக்குமா? நம்மளப் பாத்து எழுதியிருக்காங்க. அப்புறம் ஏழு மணிக்கு நாம என்ன அனுப்பினோம்? மோதல் நடந்ததாகக் காவல்துறை தெரிவித்ததுன்னு. நாம சொன்னத அவங்க சொல்லி, அவங்க சொன்னத நாம சொல்லி. இதுல ரெண்டாவது ஆள் எங்க சார் இருக்கான்? மொத ஆளே இல்ல."

தலைமை ஆசிரியர் கெட்டவர் இல்லை. கொஞ்சம் முன்னெச்சரிக்கைக்காரர், அவ்வளவுதான். ஆனால் ஒரு பதவியில் பல வருடம் இருக்கும் மனிதருக்கு முன்னெச்சரிக்கை எங்கே முடிகிறது, கோழைத்தனம் எங்கே தொடங்குகிறது என்று அவருக்கே பிடிபடாது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"இத அனுப்பினா, அந்தப் படிவத்துல இதுவரைக்கும் போனத எல்லாம் கேப்பாங்க."

"முப்பத்தெட்டு தடவை போயிருக்கு. எண்ணிட்டேன்."

"அதுல எத்தனை நிஜமான மோதல்?"

"தெரியாது சார்."

அவர் தாளை அவள் பக்கம் தள்ளி, "உங்க கையெழுத்துல போகட்டும்" என்றார். அவள் கையெழுத்துப் போட்டாள். பதினொன்று பத்துக்குத் திருத்தம் போனது. அன்றைக்கே தொலைபேசி ஓயவில்லை. ஆளும் பக்கம், விலைபோய்விட்டீர்கள் என்றது. எதிர்ப்பக்கம், சுட்டது யார் என்று தெரியாதென்று பூசி மெழுகுகிறீர்களே என்றது. இரண்டு பக்கமும் திட்டின. முதல்முறையாக அவளுக்கு அதில் ஒரு நிம்மதியும் வரவில்லை. ஆறு பத்திரிகையில் இரண்டு திருத்தத்தைப் போட்டன, ஒன்று ஏழாம் பக்கத்தில் திருமண விளம்பரங்களுக்குக் கீழே.

வழக்கறிஞருக்கு அது போதுமாக இருந்தது. திங்கட்கிழமை நீதிபதி தாளைப் படித்துவிட்டு, கண்ணாடி அறுக்கும் கருவியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, விலங்கைக் கழற்றிப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பச் சொன்னாராம். மாலை ஆறு மணிக்கு ஆம்புலன்ஸ் போய்ச் சேர்ந்தது. செவ்வாய்க்கிழமை காலை அறுவை சிகிச்சை நடந்தது. காலைக் காப்பாற்றும் அறுவை சிகிச்சை இல்லை. வெள்ளி, சனிக்கு முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று அங்கிருந்த மருத்துவர் சொன்னார். முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள்.

புதன்கிழமை அவள் மருத்துவமனைக்குப் போனாள். போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அறுவை சிகிச்சைப் பிரிவு, இரண்டாவது மாடி, பதினோராம் கட்டில். இளைஞன் மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். போர்வை ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் தட்டையாகவும் இருந்தது. கண்ணாடிக்காரரின் மனைவி கட்டிலுக்கு அடியிலிருந்து முக்காலியை இழுத்து அவளிடம் தள்ளினாள்.

"உக்காருங்க மேடம். நீங்க எழுதினத வக்கீல் படிச்சுக் காட்டினாரு."

அவள் உட்கார்ந்தாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்படி யாரும் சொல்லலைன்னு எழுதியிருந்தீங்க" என்றாள் அந்தப் பெண். குரலில் கோபம் இல்லை, வழி விசாரிப்பதுபோல் கேட்டாள். "யாரும் சொல்லலைன்னு உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?"

எந்தச் செய்தி எந்த நிமிடத்தில் வந்தது, எந்த நிமிடத்தில் போனது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லக்கூடியவள் அவள். விசாரித்துக்கொண்டிருந்தோம் என்று சொல்லலாம். விதி அப்படி என்று சொல்லலாம். இரண்டும் பொய்யில்லை.

"நீங்க வந்தீங்களே, அன்னைக்கு. உங்களுக்குத் தண்ணி குடுத்துட்டு நோட்டப் பிரிச்சேனே, அப்பவே தெரிஞ்சுது."

"திங்கக்கிழமை."

"ஆமா. திங்கக்கிழமை."

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். விரல்களை மடக்கி எதையோ கணக்குப் பார்த்தாள். செவ்வாய், புதன், வியாழன் என்று உதடு அசைந்தது. பிறகு எழுந்து போய், கொழுந்தன் விழித்துப் பார்ப்பதற்குள் போர்வையின் தட்டையான பக்கத்துக்கு அடியில் ஒரு தலையணையை வைத்து மேடாக்கினாள்.